பாட்டி கேட்டது: வேறொருத்தி பாடினால் என்ன தப்பு? (பழைய ஹாலிவுட் இசை நகைச்சுவைப் படங்கள் பற்றி)

#1 தாழ்வாரம்

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் திருச்சியில் பாட்டி வீட்டில் இருந்தேன். மூன்று நாளாக விடாத மழை. பொழுது போகாமல் மடிக்கணினியை டிவியில் இணைத்து 'சிங்கிங் இன் த ரெயின்' போட்டேன். பாட்டிக்கு 81 வயது, ஆங்கிலம் தெரியாது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அவ்வப்போது நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

அப்புறம் டொனால்ட் ஓ'கானர் வந்தார். சுவரில் ஓடி ஏறித் தலைகீழாகக் குட்டிக்கரணம் போடுவாரே, அந்தப் பாட்டு. துணி பொம்மையோடு சண்டை போடுகிறார், பலகை வந்து முகத்தில் அடிக்கிறது, விழுகிறார், எழுந்திருக்கிறார், மறுபடி விழுகிறார். பாட்டி மடியிலிருந்த முறத்தை நகர்த்தி வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஒரு வசனம் புரியவில்லை அவளுக்கு. அந்தப் பாட்டை மட்டும் மூன்று முறை போடச் சொன்னாள்.

பிறகு கதையைச் சொன்னேன். 1927. ஊமைப்படம் போய்ப் பேசும்படம் வருகிறது. லினா என்ற பெரிய நட்சத்திரத்துக்குக் குரல் கீச்சென்று இருக்கும். அதனால் கேத்தி என்ற புதுப் பெண்ணைத் திரைக்குப் பின்னால் பேசவும் பாடவும் வைக்கிறார்கள். கடைசியில் மேடைத் திரையை இழுத்து உண்மையை அம்பலமாக்குகிறார்கள். பாட்டி கேட்டாள்: "வேற ஒருத்தி பாடி இவ வாயசைச்சா என்னடி தப்பு? நம்ம படத்துல எல்லாரும் அப்படித்தானே பண்ணாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. சிறு வயதிலிருந்து எத்தனையோ தடவை பார்த்த படம், ஒரு நாளும் எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்? இன்னொன்றும் கேட்க வேண்டும். 1952இல் வந்த படம் ஆங்கிலமே தெரியாத ஒரு கிழவியை எப்படி இப்படிச் சிரிக்க வைக்கிறது?

#2 பழைய ரீல்

தாழ்வாரம், உங்கள் பாட்டிக்கு என் வணக்கம். அந்தப் படத்தின் உள்ளேயே இதே விஷயம் ஒளிந்திருக்கிறது. முப்பது வருடமாக இந்தப் படத்தைத் திரையிட்டும் பேசியும் வருகிறேன், இன்னமும் இதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கும்.

கேத்தியாக நடித்தவர் டெபி ரெனால்ட்ஸ். லினாவாக நடித்தவர் ஜீன் ஹேகன். கதைப்படி லினாவின் வசனத்துக்குக் கேத்தி குரல் கொடுப்பாள். ஒலிவாங்கி முன்னால் டெபி நின்று பேசுகிற காட்சி வரும். அங்கே நமக்குக் கேட்கும் குரல் டெபியுடையது அல்ல. அது ஜீன் ஹேகனின் சொந்தக் குரல்! நிஜத்தில் அவருக்கு அழகான, கனமான குரல். அந்தக் கீச்சுக் குரல் முழுக்க நடிப்பு. அதாவது லினாவுக்குக் குரல் கொடுக்கும் கேத்திக்கு, லினாவாக நடித்தவரே குரல் கொடுத்திருக்கிறார்.

சரி, பாட்டு? கேத்தி லினாவுக்காகப் பாடும் 'வுட் யூ' பாட்டைப் பாடியதும் டெபி அல்ல. பெட்டி நோயஸ் என்ற பாடகி. பிறர் குரலைத் திருடுவது குற்றம் என்று சொல்லும் படம், தனக்குக் குரல் கொடுத்தவளின் பெயரைப் போடவில்லை.

உங்கள் பாட்டியின் கேள்விக்கு என் பதில் இதுதான்: பாடியதில் தப்பில்லை. பெயரை மறைத்ததில்தான் தப்பு. படத்தில் லினா செய்த குற்றமும் அதுவே. கேத்தியின் பெயர் வெளியே வரக்கூடாது, அவள் ஆயுள் முழுக்கத் தன் பின்னால் நின்றே பாட வேண்டும் என்று ஒப்பந்தத்தைக் காட்டி மிரட்டுகிறாள்.

#3 குமரன்_கோவை

நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசப் போகிறேன், கோபப்படாதீர்கள். இந்தப் படங்களை நானும் ஐந்தாறு பார்த்திருக்கிறேன். கதை என்று ஒன்றுமே இல்லை. ஒருவன் ஒருத்தியைப் பார்ப்பான், அவள் வேண்டாம் என்பாள், அவன் விடாமல் துரத்துவான், நடுவில் ஒரு ஆள்மாறாட்டம், முடிவில் கல்யாணம். 'செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்' படத்தில் ஏழு சகோதரர்களில் ஆறு பேர் பெண்களைத் தூக்கிக்கொண்டே போய்விடுகிறார்கள், அதையும் வேடிக்கையாகக் காட்டுகிறார்கள். இதில் வசீகரம் எங்கே இருக்கிறது? பழையது என்பதால் நாம் நல்லது என்று நினைத்துக்கொள்கிறோமா?

#4 சதங்கை

குமரன் தம்பி, நான் நடன ஆசிரியை. பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பதில் சொல்கிறேன்.

1935இல் வந்த 'டாப் ஹேட்'. பிரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ராஜர்ஸ். கதை நீங்கள் சொன்ன அதே ஆள்மாறாட்டக் கதைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் பூங்கா மண்டபத்தில் மழைக்கு ஒதுங்கி நிற்கும் ஒரு காட்சி இருக்கிறது. 'இஸின்ட் திஸ் எ லவ்லி டே' பாட்டு. அவன் பாடுகிறான், அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். பாடி முடித்து எழுந்து சும்மா நடக்கிறான். அவள் எழுந்து பின்னால் வந்து அவன் நடையை அப்படியே நடந்து காட்டுகிறாள். அவன் ஒரு அடி போடுகிறான், அவள் அதைத் திருப்பிப் போடுகிறாள். கேலிதான். அவன் கொஞ்சம் கடினமான ஒன்றைப் போடுகிறான். அதையும் போட்டுவிட்டுக் கூடவே தன்னுடையது ஒன்றைச் சேர்த்துத் தருகிறாள். இடி இடிக்கிறது, வேகம் கூடுகிறது. ஒருவரை ஒருவர் தொடவே இல்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் கை சேர்கிறது. நடனம் முடிந்ததும் இருவரும் மண்டபத்து விளிம்பில் உட்கார்ந்து கைகுலுக்கிக்கொள்கிறார்கள். முத்தம் கிடையாது.

அந்தக் காட்சியில் அவள் குதிரைச் சவாரி உடையில் இருக்கிறாள், கால்சட்டை. அதனால் அவள் கால் அடி ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். அவன் செய்கிற ஒவ்வொன்றையும் அவளும் செய்கிறாள் என்று நம் கண்ணே சாட்சி சொல்லும். துரத்தலில் தொடங்கியவன் அந்த நாலு நிமிடத்தில் துரத்துவதை நிறுத்திவிடுகிறான். கதை வசனத்தில் நடக்கவில்லை. காலில் நடக்கிறது. வசனத்தை மட்டும் பார்த்தால் கதை இல்லை என்றுதான் தோன்றும்.

இன்னொரு விஷயம். அஸ்டேர் தன் நடனத்தைத் தலை முதல் கால் வரை முழு உருவமாகத்தான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். நடுவே காலுக்குக் குளோசப், முகத்துக்குக் குளோசப், பார்ப்பவர்கள் வாய் பிளக்கும் ஷாட் எல்லாம் வேண்டாம் என்றார். முடிந்தவரை வெட்டில்லாத நீளமான டேக்குகள். நாட்டியம் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அடவில் கால் மட்டும் பேசுவதில்லை. முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, இடுப்பு எங்கே நிற்கிறது, தோள் தளர்ந்திருக்கிறதா, எல்லாம் சேர்ந்தால்தான் அடவு. துண்டு துண்டாக வெட்டி ஒட்டினால் யாரையும் ஆடவைத்துவிடலாம். அஸ்டேர் அந்த வசதியை வேண்டாம் என்று சொன்னவர்.

பாட்டி சிரித்ததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஓ'கானர் சுவரில் ஏறும்போது ஒரு மனிதன் நிஜமாகவே ஏறுகிறான். உடம்பு பேசுகிற பாஷைக்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

#5 வடமராட்சி

வணக்கம் பிள்ளைகள். நான் டொராண்டோவில் இருக்கிறேன். பழைய இசைத்தட்டுகள் சேர்க்கிற பழக்கம் உண்டு. குரல் பற்றின கதை வந்ததால் நானும் எழுதுகிறேன்.

எங்கட ஆட்களுக்கு இந்தப் படத்தின் கதை கொஞ்சம் விநோதமாகத்தான் படும், பாட்டி கேட்டதில் முழு நியாயம் உண்டு. தமிழ்ப் படத்திலும் ஆரம்பத்தில் நடிப்பவர்களே பாடினார்கள், பாகவதர், கே. பி. சுந்தராம்பாள் என்று. 1938இல் 'நந்தகுமார்' படத்தோடு பின்னணிப் பாட்டு வந்தது. அதற்குப் பிறகு பின்னணி பாடுவது ஒளித்துச் செய்கிற காரியமாக இருக்கவில்லை. இலங்கை வானொலியில் பாட்டுப் போடுவதற்கு முதல், படத்தின் பெயர், பாடியவர் பெயர் எல்லாம் அறிவிப்பாளர் சொல்வார். நடிகையின் முகம் தெரியாமலே சுசீலாவின் குரலைத் தெரிந்து வைத்திருந்த வீடுகள் எத்தனை. எங்கட அம்மா அப்படித்தான்.

ஹாலிவுட்டில் நிலைமை வேறு. மார்னி நிக்சன் என்ற பாடகியை எடுத்துக்கொள்ளுங்கள். 1956இல் 'த கிங் அண்ட் ஐ' படத்தில் டெபோரா கெருக்குப் பாடினார். 1961இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நடாலி வூட்டுக்கு. 1964இல் 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்கு. மூன்றும் உலகம் முழுக்க ஓடின படங்கள், இசைத்தட்டும் கோடிக்கணக்கானவர்கள் கேட்டது. ஒன்றிலும் திரையில் அவர் பெயர் இல்லை. முதல் படத்தின்போது, வெளியே சொன்னால் இனி வேலை கிடைக்காது என்று தன்னை எச்சரித்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உண்மையை முதலில் பத்திரிகைக்காரரிடம் சொன்னவர் டெபோரா கெர். அந்த மனிசிக்கு அதற்காகவே என் மரியாதை.

'வெஸ்ட் சைட் ஸ்டோரி' தட்டின் வருமானத்தில் மார்னி நிக்சன் பங்கு கேட்டபோது, இசையமைப்பாளர் லெனார்ட் பெர்ன்ஸ்டீன் தன்னுடைய பங்கிலிருந்து கால் சதவீதத்தைக் கொடுத்தார். ஆக 'சிங்கிங் இன் த ரெயின்' 1952இல் வேடிக்கையாகச் சொன்ன கதை அதற்குப் பிறகும் நிஜமாகவே நடந்துகொண்டுதான் இருந்தது. 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' பார்த்தவர்கள் கவனித்துப் பாருங்கள், மடத்தில் மரியாவைப் பற்றிப் பாடும் கன்னியாஸ்திரிகளில் ஒருவராக மார்னி நிக்சன் தன் சொந்த முகத்தோடு வருவார்.

#6 தாழ்வாரம்

வடமராட்சி அண்ணா, இதைப் படித்துவிட்டு 'மை ஃபேர் லேடி' பாட்டுகளை மறுபடி கேட்டேன். இத்தனை நாள் நான் ஆட்ரி ஹெப்பர்ன் என்று நினைத்து ரசித்த குரல்! ரீல் சார், படங்களில் இப்படி இன்னும் யார் யார் மறைந்திருக்கிறார்கள்? சொல்லுங்கள்.

#7 பழைய ரீல்

நிறைய இருக்கிறார்கள் அம்மா. 1953இல் 'த பேண்ட் வேகன்' வந்தது. சிட் சாரிஸ் ஆடுவார், பாட்டுக் குரல் இந்தியா ஆடம்ஸ் என்ற பாடகியுடையது. அந்தப் படத்துக்காக அவர் பாடிய ஒரு பாட்டைக் கடைசியில் வெட்டிவிட்டார்கள். ஆனால் ஒலிப்பதிவு வீணாகவில்லை. அதே ஆண்டு அதே எம்ஜிஎம் நிறுவனம் 'டார்ச் சாங்' என்ற படத்தில் ஜோன் கிராஃபோர்டை அதே பதிவுக்கு வாயசைக்க வைத்தது. ஒரே குரல், ஒரே பாட்டு, இரண்டு நட்சத்திரங்கள். பல வருடம் கழித்து ஒரு தொகுப்புப் படத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள்.

காலுக்கும் உண்டு டப்பிங். செருப்பின் அடியில் உலோகத் தகடு வைத்து ஆடும் டேப் நடனத்தில் தட்டல் ஒலியைப் பெரும்பாலும் படப்பிடிப்புக்குப் பிறகு தனியாகப் பதிவு செய்வார்கள். அஸ்டேர் தன்னுடையதைத் தானே தட்டுவார். ஜிஞ்சர் அடுத்த படத்துக்குப் போயிருப்பார், அதனால் அவருடைய தட்டல் பல படங்களில் ஹெர்மிஸ் பான் தட்டியது. அஸ்டேரோடு சேர்ந்து நடனம் அமைத்தவர் அவர். ஒத்திகையில் ஜிஞ்சரின் இடத்தில் நின்று ஆடிப் பார்ப்பவரும் அவர்தான்.

ஜிஞ்சர் பாடுபடவில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1936இல் 'ஸ்விங் டைம்'. முடிவில் வரும் 'நெவர் கோனா டான்ஸ்' நடனத்துக்கு 47 டேக் எடுத்ததாகச் சொல்வார்கள், ஜிஞ்சரின் செருப்புக்குள் ரத்தம். 'டாப் ஹேட்'டில் கன்னத்தோடு கன்னம் வைத்து ஆடும் பாட்டில் அவர் உடுத்தியிருந்தது முழுக்கத் தீக்கோழி இறகு. ஆடும்போது இறகு பிய்ந்து அஸ்டேரின் கண்ணிலும் கோட்டிலும் பறந்தது. பெரிய சண்டை. ஆனால் அந்த உடைதான் வேண்டும் என்று ஜிஞ்சர் நின்றார். இன்று அந்தக் காட்சியைப் பாருங்கள், இறகு ஒன்றிரண்டு தரையில் விழுவது தெரியும். அவர் சுழலும்போது உடை அரை நொடி தாமதமாகப் பின்னால் வந்து சேர்கிறது. அந்த அரை நொடிதான் அந்த நடனத்தின் உயிர். ஜிஞ்சர் சொன்னதுதான் சரி. பின்னால் அஸ்டேர் ஒரு சிறிய தங்க இறகை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்.

மறுபடி 'சிங்கிங் இன் த ரெயின்'. அதை எடுத்தபோது டெபி ரெனால்ட்ஸுக்கு 19 வயது. முறையாக நடனம் கற்றவர் அல்ல, ஜிம்னாஸ்டிக்ஸ் தெரிந்தவர். படத்தின் நாயகன் ஜீன் கெல்லிக்கும் ஓ'கானருக்கும் நடுவில் நின்று ஆட வேண்டும். மூவரும் சோபாவைக் கவிழ்த்து ஏறி நடக்கும் 'குட் மார்னிங்' பாட்டைக் காலையில் தொடங்கி இரவுவரை எடுத்தார்கள், முடியும்போது அவர் பாதத்தில் ரத்தம். ஒத்திகை நாட்களில் ஒருநாள் பியானோவுக்கு அடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவரைக் கண்டெடுத்தவர் அஸ்டேர். தன் ஒத்திகையைப் பார்க்க அழைத்துப் போனார். அஸ்டேரே வியர்த்து, கோபப்பட்டு, ஒரு அடிக்காகத் திரும்பத் திரும்பப் போராடுவதை அந்தப் பெண் பார்த்தாள். அதுதான் தனக்குத் தெம்பு தந்தது என்று டெபி எழுதியிருக்கிறார்.

சரி, மழைப் பாட்டு. அன்று கெல்லிக்கு 103 டிகிரி காய்ச்சல். அதை மறந்துவிட்டுக் காட்சியைப் பாருங்கள். விளக்குக் கம்பத்தில் ஏறுகிறார், குடையை மடக்குகிறார், கூரைக் குழாயிலிருந்து கொட்டும் தண்ணீரை முகத்தில் வாங்குகிறார், தெருவில் தேங்கிய குட்டையில் ஐந்து வயதுப் பையன் மாதிரி குதிக்கிறார். போலீஸ்காரர் வந்து முறைக்கிறார். கெல்லி மெல்ல அடங்கி, தான் ஆடிக்கொண்டிருந்ததாக, பாடிக்கொண்டிருந்ததாகச் சொல்லி நகர்கிறார். போகிற வழியில் எதிரே நனைந்துகொண்டு வருபவருக்குக் குடையைக் கொடுத்துவிடுகிறார். எனக்கு அந்தக் குடை கொடுக்கிற இடம்தான் உயிர். அத்தனை சந்தோஷம் இருப்பவனுக்குக் குடை எதற்கு.

#8 குமரன்_கோவை

சதங்கை அக்கா, நேற்று இரவு அந்த மண்டபக் காட்சியைப் பார்த்தேன். இரண்டாவது தடவை ஒலியை முழுக்க அணைத்துவிட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. அவள் எழுந்து அவன் பின்னால் நடக்கிற இடத்தில் எல்லாமே மாறிவிடுகிறது. கதை இல்லை என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் அதே சூட்டோடு 'ஸ்விங் டைம்' பார்த்தேன். நடுவில் அஸ்டேர் முகத்தில் கருப்பு பூசிக்கொண்டு ஆடுகிறார். பில் ராபின்சன் என்ற கருப்பினக் கலைஞருக்கு மரியாதை செய்யும் பாட்டு என்கிறார்கள். மரியாதை என்றால் அவரையே கூப்பிட்டு ஆடவைத்திருக்கலாமே. மேலே எல்லோரும் மறைக்கப்பட்ட பெயர்களைப் பற்றி எழுதுகிறீர்கள். இது பெயரை மட்டுமல்ல, ஆளையே மறைப்பது இல்லையா?

#9 சதங்கை

ஆமாம் குமரன், அதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். டேப் நடனத்தின் வேரில் பெரும்பகுதி கருப்பின மக்களுடையது. அஸ்டேரும் கெல்லியும் அந்தக் கலைஞர்களிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டார்கள். திரையில் கிடைத்த இடம் மட்டும் சமமாக இல்லை.

'ஸ்டார்மி வெதர்' பாருங்கள், 1943. முழுக்கக் கருப்பினக் கலைஞர்கள் நடித்த படம். நீங்கள் சொன்ன பில் ராபின்சன்தான் நாயகன், லீனா ஹோர்ன் நாயகி. அதன் கடைசியில் கேப் காலோவேயின் இசைக்குழு முன்னால் நிக்கலஸ் சகோதரர்கள், ஃபயார்டும் ஹாரல்டும், ஆடுகிறார்கள். மேசைமேல் ஏறுகிறார்கள், இசைக்கலைஞர்கள் நடுவில் மேடை விட்டு மேடை தாவுகிறார்கள். அப்புறம் பெரிய படிக்கட்டு. ஒருவர் தலைக்குமேல் ஒருவர் தாண்டிக் குதித்து, கீழ்ப்படியில் இரண்டு காலையும் முழுக்க விரித்து விழுந்து, கையைத் தரையில் ஊன்றாமல் எழுந்து, அடுத்த படி. அப்படியே கீழ்வரைக்கும். விழுந்த வேகத்திலேயே சிரித்துக்கொண்டு எழுகிறார்கள். என் மாணவிகளுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் வகுப்பில் ஒரு சத்தம் இல்லை.

அவர்களைப் போன்றவர்களுக்கு மற்ற படங்களில் என்ன இடம் கிடைத்தது தெரியுமா? கதையோடு ஒட்டாமல் தனியாக ஒரு நடனம். ஏன் ஒட்டாமல் என்றால், இனப்பாகுபாடு கடுமையாக இருந்த அமெரிக்கத் தென் மாநிலங்களில் திரையிடும்போது அந்தச் சுருளை மட்டும் வெட்டி எடுத்துவிட வசதியாக. லீனா ஹோர்னுக்கு எம்ஜிஎம் படங்களில் இதே கதி. ஒரு தூணில் சாய்ந்து நின்று ஒரு பாட்டு, அவ்வளவுதான். அவர் நாயகனோடு ஒரு வார்த்தை பேசினால்கூடக் கதை ஒட்டிக்கொள்ளும், பிறகு வெட்ட முடியாது.

1948இல் 'த பைரேட்' படத்தில் ஜீன் கெல்லி நிக்கலஸ் சகோதரர்களைத் தன்னோடு சேர்த்து ஆடவைத்தார். மூவரும் ஒரே வரிசையில், ஒரே அடி.

#10 பழைய ரீல்

சதங்கை குறிப்பிட்ட 'த பைரேட்' பாட்டோடு இந்த இழையின் முதல் பதிவுக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. கோல் போர்ட்டர் அதற்கு எழுதிய 'பீ எ கிளவுன்' பாட்டைக் கேளுங்கள், பிறகு பாட்டி மூன்று முறை கேட்ட ஓ'கானர் பாட்டைக் கேளுங்கள். மெட்டு கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டு படத்துக்கும் தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட், 'சிங்கிங் இன் த ரெயின்' பாட்டுகளின் வரிகளும் பெரும்பாலும் அவருடையவையே. போர்ட்டர் வழக்குப் போடவில்லை.

அந்தப் படமே உண்மையில் பழைய பாட்டுகளுக்காகக் கட்டிய வீடு. ஃப்ரீடும் நேசியோ ஹெர்ப் பிரவுனும் முன்பு எழுதிய பாட்டுகள் கையில் இருந்தன. மழைப் பாட்டே 1929இல் வேறு படத்தில் வந்தது. பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் என்ற இரட்டையரிடம் இந்தப் பாட்டுகளைக் கொடுத்து, இவற்றுக்கு ஒரு கதை எழுதுங்கள் என்றார்கள். பாட்டுகள் பேசும்படம் பிறந்த காலத்தவை, கதையும் அந்தக் காலத்திலேயே நடக்கட்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். பூச்செடிக்குள் ஒலிவாங்கியை ஒளித்து வைப்பது, லினா தலையைத் திருப்பினால் குரல் காணாமல் போவது, ஒலியும் படமும் பிசகி ஆணுக்குப் பெண் குரல் வருவது, இவை எல்லாம் அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்களில் இருந்தவர்கள் பட்ட பாடுகளிலிருந்து வந்தவை. தன் தொழிலின் தடுமாற்றத்தை இவ்வளவு அன்போடு பார்த்துச் சிரித்த படம் வேறு எனக்குத் தெரியாது.

#11 வடமராட்சி

இன்னும் பின்னால் போனால் 1933. அமெரிக்காவில் வேலை இல்லை, வங்கிகள் மூடுகின்றன. அந்த வருடம் வார்னர் பிரதர்ஸ் '42வது ஸ்ட்ரீட்', 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933' என்று அடுத்தடுத்து எடுத்தது. நடனக் காட்சிகள் பஸ்பி பெர்க்லி. அந்த மனிதன் நடனம் படித்தவர் அல்ல. முதல் உலகப் போரில் ராணுவத்தில் அணிவகுப்பு நடத்தியவர். கேமராவை உச்சியில் ஏற்றிக் கீழே பார்க்கவைத்தால், நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரு பெரிய பூ விரிகிற மாதிரி விரிவார்கள். சதங்கை சொன்ன அஸ்டேருக்கு இவர் நேர் எதிர். இவருக்குத் தனி ஆள் முக்கியமில்லை, கோலம்தான் முக்கியம். எனக்கு இரண்டும் பிடிக்கும்.

'கோல்ட் டிக்கர்ஸ்' தொடக்கத்தில் ஜிஞ்சர் ராஜர்ஸ் காசு உடுத்திக்கொண்டு, எங்களிடம் பணம் கொழிக்கிறது என்று பாடுவார். பாட்டு முடிவதற்குள் கடன்காரர்களுக்காக அதிகாரிகள் வந்து செட்டையும் உடையையும் பிடுங்கிக்கொண்டு போவார்கள். அந்தப் படத்தின் கடைசிப் பாட்டில் போரிலிருந்து திரும்பி வந்து சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிற ஆண்கள். நகைச்சுவைப் படத்தை அப்படி முடிக்க எவ்வளவு துணிவு வேண்டும் யோசித்துப் பாருங்கள். பசியில் இருக்கிறவனுக்குச் சிரிப்பைக் காட்டினார்கள், ஆனால் பசி இல்லை என்று சொல்லவில்லை.

#12 மதிய_வெயில்

நான் புதிது. என் மகனுக்கு ஏழு வயது. இந்தப் படங்களில் எதைக் காட்டலாம்?

#13 சதங்கை

வாங்க. முழுப் படம் வேண்டாம், முதலில் இரண்டு காட்சி காட்டுங்கள். 1945இல் வந்த 'ஆங்கர்ஸ் அவே'யில் ஜீன் கெல்லி, டாம் அண்ட் ஜெர்ரியின் ஜெர்ரி எலியோடு கைகோத்து ஆடுவார். ஜெர்ரியை உங்கள் மகனுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். இன்னொன்று 1951இன் 'ராயல் வெட்டிங்'. அஸ்டேர் சுவரில் நடந்து ஏறிக் கூரையில் தலைகீழாக ஆடுவார். எப்படி என்று உடனே சொல்லாதீர்கள், அவன் யோசிக்கட்டும். அறையையே ஒரு பெரிய உருளைக்குள் கட்டிச் சுழற்றினார்கள். கேமராவும் கேமராக்காரரும் அறையோடு சேர்ந்து சுழன்றார்கள். அஸ்டேர் எப்போதும் தரையில்தான் இருந்தார், தரைதான் மாறிக்கொண்டே இருந்தது.

#14 குமரன்_கோவை

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'சிங்கிங் இன் த ரெயின்' கடைசிப் பகுதியில் வரும் நீளமான பிராட்வே நடனம். கதை மும்முரமாகப் போகும்போது பத்து நிமிடத்துக்கு மேல் அதை நிறுத்தி வைக்கிறது. 'த பேண்ட் வேகன்' நேற்றுப் பார்த்தேன். அஸ்டேரும் சிட் சாரிஸும் இரவில் பூங்காவில் பேசாமல் நடக்கிறார்கள், நடை தானாக நடனம் ஆகிறது, ஆடி முடித்துக் குதிரை வண்டியில் ஏறும் அடியும் நடனத்திலேயே சேர்ந்துவிடுகிறது. ஒரு வார்த்தை கிடையாது. எது கதையோடு சேர்ந்த நடனம் என்பதற்கு எனக்கு இனி இதுதான் அளவுகோல்.

#15 பழைய ரீல்

தம்பி, அந்தப் பிராட்வே நடனத்தில் சிட் சாரிஸ் பச்சை உடையில் காலை நீட்டி, கெல்லியின் தொப்பியைக் கால் நுனியில் ஏந்தி வருவாரே, அதற்காக நான் பத்து நிமிடம் என்ன, அரை மணி நேரமும் காத்திருப்பேன். ஆனால் பூங்கா நடனத்தைப் பற்றி நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. முதல் பதிவில் ஐந்தாறு படம் பார்த்தேன் என்றீர்கள், இப்போது தினம் ஒன்று பார்க்கிறீர்கள். அடுத்து 'ஆன் த டவுன்' பாருங்கள்.

#16 தாழ்வாரம்

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் பாட்டிக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். திரையில் குரல் கொடுத்த பெண்ணுக்கே வேறொருத்தி குரல் கொடுத்திருக்கிறாள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அவ பேரு என்ன?"

"பெட்டி நோயஸ் பாட்டி."

இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். அவள் வாயில் 'பெட்டி நாயஸ்' என்று வந்தது. "நல்லாத்தான் பாடியிருந்தா" என்றாள். அப்புறம், தீபாவளிக்கு வரும்போது அந்தச் சுவர் ஏறுகிற பையன் படத்தைக் கொண்டுவா, பக்கத்து வீட்டு சரோஜாவையும் கூப்பிட்டு வைக்கிறேன் என்றாள்.